இரும்பெருதை ஏழு தடவை பார்க்காதவள்

செயிபோனே இரும்பெருதின் கச்சேரிக்கு ஏழு தடவை போனவள். ஏழு தடவையும் அவர்களைச் சரியாகப் பார்க்காமலே திரும்பி வந்தவள். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் நம்ப மாட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லையாம். "கேட்டேன்ல? அது போதும்" என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் குரல் ஒரு படி உயர்ந்துவிடும் என்பது அவள் புருஷன் டிடிரோவுக்கு மட்டும் தெரியும்.

இரும்பெருது என்பது நாலு பேர் சேர்ந்த ராக் குழு. ரன்கோ பாடுவார், சிலுமே டிரம் அடிப்பார், இரண்டு பக்கமும் கிதாரோடு ஓர் அண்ணனும் தம்பியும் நிற்பார்கள். அண்ணனும் தம்பியும் ஏதோ ஒரு பசுமாட்டு விவகாரத்தில் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, வாசிப்பில் மட்டும் பேசிக்கொள்வார்கள். பாட்டில் பாதி உறுமல், மீதி இடி. போட்ஸ்வானாவில் இந்தக் குழுவுக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்புத் தோல், அதில் ஆணி, சங்கிலி, தலையில் அகலத் தொப்பி, பூட்ஸில் முள். நாற்பது டிகிரி வெயிலிலும் அதே உடுப்புதான். தெருவில் நடந்தால் குழந்தைகள் பின்னால் ஓடும், கிழவிகள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அப்புறம் அதே கிழவிகள் அரிசி மூட்டையைத் தூக்கிக் கொடுக்க அவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

முதல் கச்சேரி லொபாட்ஸே நகர மண்டபத்தில். அப்போது செயிபோனேவுக்குப் பதினெட்டு வயது. சித்தி செத்துப்போனதாகப் பள்ளி விடுதியில் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சித்தி இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். செய்த பாவத்துக்காக செயிபோனே வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவளுக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறாள். எதற்கென்று சித்திக்குத் தெரியாது.

அந்த மண்டபத்து மேடை முன்பக்கமாகச் சரிந்திருந்தது. முதல் பாட்டு தொடங்கி அடி விழ விழ, பெரிய டிரம் நகர்ந்து நகர்ந்து மேடை விளிம்புக்கே வந்துவிட்டது. சிலுமே வாசிப்பதை நிறுத்தாமலே முன்வரிசையில் நின்றவளைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ தங்கச்சி! மேல ஏறு!"

"எதுக்கு?"

"முதுகு குடு! டிரம் ஓடுது!"

ஏறினாள். டிரம்முக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்தபடி சப்பணம் போட்டு உட்கார்ந்து முதுகால் முட்டுக் கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம். ஒவ்வோர் அடியும் முதுகெலும்பு வழியாக ஏறிப் பல்லில் வந்து நின்றது. அவள் பார்த்ததெல்லாம் பித்துப்பிடித்ததுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்த நாற்பது பேரை. திரும்பிப் பார்க்கலாம் என்றால் டிரம் நகரும். எல்லாம் முடிந்து, மரத்துப்போன காலை உதறிக்கொண்டு எழுந்தபோது குழு பின்வாசல் வழியாக வண்டியேறிப் போயிருந்தது. ஒரு வாரத்துக்கு மல்லாந்து படுக்க முடியவில்லை. அந்த ஒரு வாரமும் அவள் சிரித்துக்கொண்டே இருந்ததாக விடுதித் தோழிகள் சொல்வார்கள். சித்தி செத்த துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வார்டன் பயந்து, பாதிரியாருக்கு ஆளனுப்பினாள்.

இரண்டாவது தடவை பிரான்ஸிஸ்டவுனில். கச்சேரி தொடங்கியதும் மின்சாரம் போனது. யாரோ ஒரு புண்ணியவான் தன் பிக்கப்பை மேடைக்குப் பின்வாசலில் நிறுத்தி முன்விளக்கைப் போட்டுவிட்டான். வெளிச்சம் குழுவின் முதுகுப் பக்கமிருந்து வந்து கூட்டத்தின் கண்ணில் பாய்ந்தது. ரன்கோ எப்படி இருந்தார் என்று கேட்டவர்களிடம், "கருப்பா ஒரு உருவம், சுத்தி ஒளிவட்டம். மாதா கோயில் படம் மாதிரி" என்றாள்.

மூன்றாவது தடவை காபரோனில். அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. விளக்கு எரிந்தது, மேடை நேராக இருந்தது. அவளுக்கு முன்னால் மட்டும் ஆறடி நாலங்குல உயரத்தில் ஒருத்தன், அவன் தலையில் சொளகு அகலத்துக்கு ஒரு தொப்பி.

"ர்ரா, தொப்பியக் கழட்டுங்க."

'ர்ரா' என்று ஐயா போட்டுக் கூப்பிட்டும் அவன் திரும்பவில்லை. முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"உங்களத்தான்! நாங்க என்ன உங்க தொப்பியப் பாக்கவா காசு குடுத்து வந்தோம்?"

அவன் தொப்பியைக் கழற்றினான். அப்புறமும் தலை மறைத்தது. அவளைத் திரும்பிப் பார்த்து, தன் உயரத்துக்கு மன்னிப்புக் கேட்பவன்போல முழங்காலை மடக்கிக் குந்தினான். பின்னாலிருந்து ஒருவன் தடுக்கி அவன்மேல் விழ, அவன்மேல் இன்னொருவன் விழ, பத்துப் பேர் குவியலாகக் கிடந்தார்கள். அடியில் கிடந்தவனைக் காலைப் பிடித்து அவள் இழுத்து வெளியே எடுக்கும்போது கடைசிப் பாட்டு முடிந்தது.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"பேரு?"

"டிடிரோ."

"வேற எதுவும் பேச மாட்டீங்களா?"

அவன் யோசித்தான். "தொப்பி போச்சு" என்றான்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது பார்ப்பவன் அவன். நாளெல்லாம் நிலத்துக்கு அடியில் கேட்கும் சத்தத்தைக் கவனித்துக் கவனித்து, மேலே பேசுவதை மறந்துவிட்டான் என்று அவன் அம்மாவே சொல்வாள். கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. இவனுக்குக் 'கல்லறை'. செயிபோனேவுக்குத் 'தேள் ராணி'. கல்லறையும் தேளும் இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண் கேட்டு வந்த டிடிரோவின் தாய்மாமன்கள், மாப்பிள்ளையைச் சங்கிலி எதுவும் போடாமல் வரச் சொல்லிக் கெஞ்சி அழைத்து வந்தார்கள். வந்து பார்த்தால் பெண் இடுப்பில் அதைவிடக் கனமான சங்கிலி.

நாலாவது கச்சேரியின் இரண்டாம் பாட்டில் அவளுக்கு இடுப்பு வலி எடுத்தது. அன்று பிறந்தவள்தான் மகள் டூமோ. ஐந்தாவது தடவை புழுதிக் காற்று. ஆறாவது தடவை, டிக்கெட்டைச் சலவைக்குப் போட்ட சட்டைப்பையில் வைத்துவிட்டு, வேலிக்கு வெளியே நின்று கேட்டாள். ஏழாவது தடவை முதல் வரிசை. முன்னால் ஒருத்தரும் இல்லை. ரன்கோ மேடைக்கு வருகிற நேரம் பார்த்துப் பின்னால் ஒருவன் தோல் சட்டையோடு வெயிலில் மயங்கி விழுந்தான்.

"டாக்டர் யாராச்சும் இருக்கீங்களா?"

"நம்ம தேள் ராணி இருக்கா! மாட்டு டாக்டர்!"

அவள் மாட்டு டாக்டரும் இல்லை. கால்நடைத் துறையில் கேட் காவல். ஆனால் விழுந்தவன் விழுந்து கிடக்கிறானே. அவனை இழுத்துக்கொண்டுபோய் மரநிழலில் போட்டு, சட்டையின் நாற்பத்திரண்டு பித்தானையும் கழற்றித் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தாள். அவன் கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பாத்தீங்களா, எப்படி இருந்தாங்க?"

அந்தக் கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மவுன் ஊரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில், மாட்டு வேலி சாலையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரு தடுப்புக் கம்பம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு எரிகுழி. வேலிக்கு வடக்கே காட்டெருமைகள் உண்டு, அவற்றோடு கோமாரியும் உண்டு. தெற்கே வெளிநாட்டுக்குப் போகிற மாடுகள். ஆகவே வடக்கிலிருந்து பச்சை இறைச்சி, உப்புக்கண்டம், பதனிடாத தோல், எலும்பு எதுவும் கம்பத்தைத் தாண்டக் கூடாது. வண்டியில் வருகிற ஒவ்வொருவரும் இறங்கி, மருந்துத் தண்ணீர் ஊறிய சாக்கில் செருப்பை மிதித்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். வேண்டுமானால் இறைச்சியை வடக்குப் பக்கமே அடுப்பு மூட்டிச் சுட்டுத் தின்றுவிட்டு வரலாம், அதற்குத் தடையில்லை. இல்லையென்றால் குழியில் போட்டு எரிப்பார்கள்.

செயிபோனே அந்தக் கேட்டில் இருபது வருஷமாக நிற்கிறாள். வண்டிக்குள் இறைச்சி இருக்கிறதா என்பதை ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதிகமாகச் சிரித்தால் டிக்கியில், பாட்டு முணுமுணுத்தால் சீட்டுக்கு அடியில். ஒரு தடவை அவள் மாமியாரே பஸ்ஸில் வந்தாள். மடியில் பேத்திக்குப் பின்னிய கம்பளிக் குல்லாய்.

"அத்த, குல்லாயக் குடுங்க."

"எதுக்குடி? குழந்தைக்குப் பின்னுனது."

"குழந்தைக்குப் பின்னுன குல்லாய்ல எதுக்கு மிளகு வாசன?"

இரண்டு கிலோ உப்புக்கண்டம். பஸ் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, மருமகள் அதை வாங்கி எரிகுழியில் போட்டாள். மாமியார் இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. "நல்லதாப் போச்சு" என்றான் டிடிரோ. அந்த வருஷத்திலேயே அவன் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

கேட்டில் அவளோடு வேலை பார்ப்பவள் ரெபேக்கா அக்கா. பழுத்த கிறிஸ்தவ சபைக்காரி. சீருடை நெஞ்சில் துறையின் அடையாளத்துக்குப் பக்கத்தில் சபையின் வெள்ளி நட்சத்திரத்தையும் குத்தியிருப்பாள். செயிபோனேவின் செல்போன் மணி இரும்பெருதின் உறுமல். அது அடிக்கும்போதெல்லாம் ரெபேக்கா அக்கா காதைப் பொத்தி, "பன்றி அறுக்கறாங்க, போய் எடு" என்பாள்.

இரும்பெருது போன செப்டம்பரில் மவுனுக்கு வரப்போவதாக நாலு மாதம் முன்பே சேதி வந்தது. சனிக்கிழமை பகல், கால்பந்துத் திடல். இவ்வளவு வடக்கே அவர்கள் வருவது அதுதான் முதல் தடவை. செயிபோனே மூன்று மாதம் முன்னாலேயே விடுப்பு எழுதிக் கொடுத்தாள். தோல் சட்டைக்கு மாட்டுக்கொழுப்புத் தடவி மெருகேற்றினாள். இடுப்பில் சேராமல் போன பெல்ட்டுக்குப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம், வேலியோரம் ஒரு கன்றின் வாயில் கொப்புளம் என்று தகவல். வெள்ளிக்கிழமை காலை எல்லோருடைய விடுப்பும் ரத்து.

டிடிரோ தன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். நானும் போகவில்லை என்று அர்த்தம்.

"நீங்க போங்க. ரெண்டு பேரும் இங்க கெடந்தா எனக்கு யாரு வந்து சொல்லுவா?"

அவன் தொப்பியை மறுபடி கையில் எடுத்தான்.

"நல்லாக் கேட்டுக்கங்க. ரன்கோ என்ன போட்டிருக்காரு, சிலுமே எப்படி உக்காந்திருக்காரு, அந்த அண்ணன் தம்பி ஒருத்தர ஒருத்தர் பாக்கறாங்களா. எல்லாத்தையும் பாத்து வெச்சுக்கிட்டு வந்து ஒண்ணு விடாமச் சொல்லணும்."

சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"சத்தமா இருந்துச்சு."

"அப்புறம்?"

"நல்லா இருந்துச்சு."

"உங்களக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ரேடியோவக் கட்டியிருக்கலாம்!" என்று போனை வைத்தாள்.

ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். வெயில் அப்போதே தாரை இளக்கத் தொடங்கியிருந்தது. வடக்கிலிருந்து ஒரு வெள்ளை வேன், பின்னால் கட்டிய தட்டு வண்டியில் தார்ப்பாய் மூடிய சாமான்கள், டிரைவர் முகத்தில் அளவுக்கு மீறிய சிரிப்பு. செயிபோனே கையைக் காட்டினாள். கதவு திறந்து நாலு பேர் இறங்கினார்கள். தொப்பை வைத்த ஒருவர், காலைத் தேய்த்தபடி ஒருவர், ஒருவரையொருவர் பாராமல் வேனின் இரண்டு பக்கமும் இருவர்.

அவள் தொப்பை வைத்தவரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். சுவரொட்டியில் முப்பது வருஷமாகப் பார்த்த மூக்கு. ரன்கோவேதான்.

"டுமெலா, ம்மா" என்று பணிவாக வணக்கம் சொன்னார் அவர். மேடையில் உறுமுகிற குரல் அது என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஜலதோஷம் பிடித்த பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தது.

அவள் வாயில் ஆயிரம் வார்த்தை வந்தது. ஆனால் உடம்பில் இருந்தது சீருடை. "எல்லாரும் சாக்க மிதிங்க" என்று மட்டும் சொன்னாள். நாலு பேரும் வரிசையாக மருந்துச் சாக்கில் பூட்ஸை மிதித்தார்கள். சிலுமேயின் ஒரு பூட்ஸுக்கு அடிப்பாகமே இல்லை, காலுறை நனைந்து அவர் துள்ளினார்.

"வண்டில எறைச்சி இருக்கா?"

"சேச்சே" என்றார் ரன்கோ. சொல்லிவிட்டு ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தார்.

செயிபோனே நேரே போய் சீட்டைத் தூக்கினாள். ரசிகர்கள் அன்பாகக் கொடுத்தனுப்பிய மாட்டிறைச்சி, ஒரு மூட்டை. பக்கத்தில் பை நிறைய உப்புக்கண்டம். தார்ப்பாயைத் தூக்கினால் அதன் அடியில் கம்பளியில் சுற்றிய ஒரு முழு எருதுத் தலை. கொம்பு ஒரு கை நீளம், தோல் இன்னும் காயவில்லை, ஈ மொய்த்தது.

"அது மேடைக்கும்மா" என்று ரன்கோ ஓடி வந்தார். "டிரம்முக்கு முன்னாடி வைக்கறது. பழசு ஒடஞ்சு போச்சு. ஒரு பெரியவர் அவர் செல்ல எருதோட தலையக் குடுத்தாரு. அது எங்களுக்கு சாமி மாதிரி."

"சாமியா இருந்தாலும் பச்சத் தோலு பச்சத் தோலுதான், ர்ரா."

"கொம்பு மட்டும்?"

"கொம்பு எதுல ஒட்டிக்கிட்டு இருக்கு?"

பறிமுதல் படிவத்தை அவள் மூன்று பிரதியாக எழுதினாள். பொருள்: மாட்டிறைச்சி பதினாலு கிலோ, உப்புக்கண்டம் மூன்று கிலோ, எருதுத் தலை ஒன்று. பொருளுக்கு உரியவர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து கையெழுத்துப் போட்டார்கள். அந்த நாலு கையெழுத்தையும் அவள் திரும்பத் திரும்பப் படிப்பதைக் கண்ட ரெபேக்கா அக்கா, வெயில் தாக்கிவிட்டதோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தலைய எரிச்சுத்தான் ஆகணும்" என்றாள் செயிபோனே. "எறைச்சிய வேணும்னா அந்தப் பக்கமே சுட்டுத் தின்னுக்கலாம்."

பதினாலு கிலோவை நாலு பேர் எப்படித் தின்பது? அதற்கும் வழி வந்தது. கச்சேரி முடிந்து திரும்பும் ரசிகர்களின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கறுப்புத் தோலும் சங்கிலியுமாக முப்பது பேர் இறங்கினார்கள். யாரோ முள்மரக் கட்டையை அடுக்கித் தீ மூட்டினான். யாரோ ஒரு அண்டா சோளக்களியை இறக்கினான். இறைச்சி வாசனை வேலியைத் தாண்டி வந்தது, அதற்கு மட்டும் எந்தச் சட்டமும் இல்லை. அந்தக் கூட்டத்தில் கடைசியாக டிடிரோவின் பிக்கப்பும் வந்தது.

அவன் இறங்கி முதலில் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கொட்டகை வாசலில், எருதுத் தலையை எரிகுழிக்கு இழுத்துப் போவதற்காகக் கையுறை மாட்டி அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தீயருகே எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த ரன்கோவைப் பார்த்தான். அவன் நேரே ரன்கோவிடம் போய் நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"ர்ரா, உங்க தலைய எரிக்கப் போறாளே, அவ என் சம்சாரம்."

"ஐயோ பாவம்" என்றார் ரன்கோ.

கூட்டம் சிரித்தது. டிடிரோ சிரிக்கவில்லை. அன்றைக்கு அவன் பேசினான். கல்லறை வாய் திறந்தது என்று இன்றைக்கும் அதைத் தேதி போட்டுச் சொல்கிறார்கள்.

"ஏழு தடவ உங்களப் பாக்க வந்தா. ஒரு தடவகூட பாக்கல. மொத தடவ லொபாட்ஸேல உங்க டிரம்முக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம் கரண்ட் போச்சு. அப்புறம் என் தொப்பி மறைச்சுது. அப்புறம் எங்க புள்ள பொறந்துச்சு. போன தடவ, மயங்கி விழுந்த ஒரு மடையனுக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்தா. நேத்து லீவு இல்லன்னுட்டாங்க. பாத்துட்டு வந்து சொல்லுன்னு என்ன அனுப்புனா. எனக்குச் சொல்ல வரல. நீங்களே வந்து சொல்லிருங்க."

"அந்த மடையன் நான்தான்" என்று பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது.

சிலுமே எழுந்து கம்பத்தருகே வந்து செயிபோனேவை ஏற இறங்கப் பார்த்தார்.

"லொபாட்ஸேல முட்டுக் குடுத்தது நீயா?"

"ஆமா. ஞாபகம் இருக்கா?"

"இல்லம்மா" என்றார் அவர் உண்மையாக. "அந்தக் காலத்துல ஊருக்கு ஒருத்தர் முட்டுக் குடுத்தாங்க. எல்லா மேடையும் கோணல்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் அண்ணன்காரர் தார்ப்பாயை உருவ, தம்பிக்காரர் ஜெனரேட்டரைத் தட்டு வண்டியிலிருந்து இறக்கினார். ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் இருவருக்கும் ஒரே யோசனை.

"வேலைல இருக்கேன், ர்ரா. கம்பத்த விட்டுட்டு வர முடியாது" என்றாள் செயிபோனே.

ரெபேக்கா அக்கா அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள், கம்பத்தின் கயிற்றைச் செயிபோனே கையிலிருந்து பிடுங்கினாள்.

"போ. மூணு பாட்டு. அதுக்கு மேல ஒண்ணு கூடாது. நான் அதுவரைக்கும் ஜெபம் பண்றேன்."

"அக்கா, மேலிடத்துல தெரிஞ்சா?"

"எனக்கு மேலிடம் ஒண்ணுதான். அங்க நான் சொல்லிக்கறேன். போடி!"

செயிபோனே வடக்குப் பக்கம் போனாள். காக்கிச் சீருடை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் கழற்ற மறந்த கையுறை. கறுப்புத் தோல் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. டிடிரோ தொப்பியோடு கடைசி வரிசைக்குப் போய்விட்டான். அவளுக்கும் தட்டு வண்டிக்கும் நடுவே வெயிலைத் தவிர ஒன்றுமில்லை.

ரன்கோ வாயைத் திறந்தார். வாத்தியார் குரல் போய், பூமிக்கு அடியிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது. மின்கம்பியில் இருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின.

அவள் பார்த்தாள். ரன்கோவின் இடக்கை மோதிர விரலில் ஒரு பிளாஸ்திரி. உயர்ந்த சுருதியில் உறுமும்போது அவருடைய தொப்பை தனியாக ஒரு தாளம் போட்டது. சிலுமே, எழுதப் பழகும் குழந்தை மாதிரி நாக்கு நுனியை வெளியே நீட்டிக்கொண்டு டிரம் அடித்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை, ஆனால் இருவருடைய வலது முழங்காலும் ஒரே நேரத்தில் மடங்கின. நாலு பேருக்கும் வியர்வை ஊற்றியது, நாலு பேருக்கும் வயதாகியிருந்தது. 'அட, இவ்வளவுதானா' என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, அதே மூச்சில், 'அட, இவ்வளவா!' என்றும் தோன்றியது. இந்த நாலு சாதாரண உடம்புகளிலிருந்தா இத்தனை இடி? கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கலாம் என்றால் கையுறையில் எருது ரத்தம். அப்படியே விட்டுவிட்டுத் தலையை ஆட்டத் தொடங்கினாள். சீருடைத் தொப்பி பறந்துபோய் சோளக்களி அண்டாவில் விழுந்தது.

பாட்டு நடுவில் சட்டென்று நின்று, மறுபடி வெடித்தது. இன்னொரு தடவை நின்று, மறுபடி வெடித்தது. அப்புறம் ஒரேயடியாக நின்றது.

"மூணு ஆச்சு!" என்று கம்பத்தருகிலிருந்து ரெபேக்கா அக்கா கத்தினாள்.

"அக்கா, அது ஒரே பாட்டு!"

"மூணு தடவ நின்னுச்சு. நான் எண்ணுனேன்."

ரன்கோ மைக்கை விட்டுவிட்டு வேலியோரம் ஓடி வந்தார். "அம்மா, சத்தியமா ஒரு பாட்டு. நடுவுல நிக்கறது, அது அழகுக்கு."

"நிறுத்துனா நிறுத்துனதுதான். பாதில நிறுத்தறது என்ன அழகு? எங்க சபைல ஆரம்பிச்சா முடிக்காம நிறுத்த மாட்டோம்."

தெற்கேயிருந்து வந்து கம்பத்தைத் தாண்டி வடக்கே நின்ற லாரி டிரைவர் ஒருவர் நடுவராக அமர்த்தப்பட்டார். அவர் ஒரு துண்டு இறைச்சியை மென்றபடி யோசித்து, அது ஒன்றரைப் பாட்டு என்று தீர்ப்புச் சொன்னார். ஒன்றரை பாக்கி என்று ஆனது. மீதி ஒன்றரையில், நிறுத்தமே இல்லாத நீளமான பாட்டாகத் தேர்ந்தெடுத்து பதினெட்டு நிமிஷம் வாசித்தார்கள். அண்ணன் முடிக்கப் போனால் தம்பி விடவில்லை. தம்பி ஓய்ந்தால் சிலுமே விடவில்லை. ரெபேக்கா அக்கா கயிற்றைப் பிடித்தபடி வாயில் ஜெபத்தை முணுமுணுத்தாள். கம்பம் மட்டும் தாளத்துக்கு ஏறி இறங்கியதாக லாரி டிரைவர் பிறகு ஊரெல்லாம் சொன்னார். "காத்து" என்கிறாள் அக்கா. அன்றைக்குக் காற்றே இல்லை.

முடிந்ததும் செயிபோனே கையுறையை இழுத்து விட்டுக்கொண்டு, எருதுத் தலையை எரிகுழியில் தள்ளித் தீ வைத்தாள். ரன்கோ பக்கத்தில் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். கொம்பு கருகும் நாற்றம் தாங்காமல் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.

"ஒரு துண்டுகூட விட மாட்டியாம்மா?"

"என் மாமியாருக்கே விடல, ர்ரா."

அவர் அதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். வேன் கம்பத்தைத் தாண்டித் தெற்கே போய்ப் புள்ளியாகும் வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி செயிபோனே இரண்டு பக்கம் எழுதினாள். எரித்தது இவ்வளவு, வடக்குப் பக்கத்தில் தின்றது இவ்வளவு, கம்பம் தாண்டியது ஒன்றுமில்லை, பாட்டு இரண்டு அல்லது மூன்று, கருத்து வேறுபாடு உண்டு. 'இனி வேலியருகே மேடை கூடாது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதோடு விஷயம் முடிந்தது. கொப்புளம் கண்ட கன்றுக்கும் கோமாரி இல்லை, முள் குத்தியதுதான் என்று தெரியவந்தது.

முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பறிமுதல் படிவத்தில் ஒரு பிரதியை ரன்கோ எடுத்துப் போனார், ஒன்று மாவட்டத்துக்குப் போனது, நாலு கையெழுத்தும் அழுத்தமாக விழுந்த மூலப்பிரதி தலைமை அலுவலகத்து ஆவண அறையில் இருக்கிறது. அதைத் தனக்குத் தரும்படி செயிபோனே விண்ணப்பம் போட்டாள். ஐந்து ஆண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவார்களாம், அதற்கு முன் கொடுக்க விதியில்லையாம். அழிக்கிற அன்றைக்கு நேரில் வந்து குப்பையிலிருந்து பொறுக்கிக்கொள்ள அனுமதி உண்டா என்று திரும்ப எழுதிக் கேட்டிருக்கிறாள். அந்தப் பிரிவில் இருக்கும் அதிகாரி நல்ல மனுஷர் போலிருக்கிறது. அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அம்மா, கடுதாசில பதில் போட முடியாது. அந்த வாரம் நீங்க லீவு போட்டு வெச்சுக்கங்க" என்றிருக்கிறார்.

நாலு வருஷத்துக்கு அப்பால் இருக்கிற ஒரு வாரத்துக்கு அவள் இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள்.